கோபிக்குப் போன பனிப்பெட்டி

ரயில் கோயம்புத்தூருக்குள் போகாது என்பதை அது போத்தனூரில் வந்து நின்ற பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கேரளத்துக்குப் போகிற சில வண்டிகள் இப்படித்தானாம், ஊரின் ஓரத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிடுமாம். என் ஒரு கையில் துணிப்பை, மறு கையில் காலியான தெர்மோகோல் பெட்டி. "எறங்கறதுன்னா சீக்கிரம் எறங்கிக்குங்க அம்மணி, வண்டி ரொம்ப நேரம் நிக்காதுங்க" என்று பின்னால் நின்றவர் பெட்டியை வாங்கி நடைமேடையில் வைத்தார். துரத்தும்போதும் 'ங்க' போட்டுத் துரத்துகிற ஊர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நான் ஈப்போவில் பிறந்தவள். கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆட்டோக்காரரிடம் ஆர்.எஸ்.புரம் என்றதும் அவர் திரும்பிப் பார்த்து, "சிலோனுங்களா?" என்றார். மலேசியா என்றேன். "அங்கயும் நம்ம தமிழ்தானுங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். இந்தப் பயணத்தில் எத்தனை பேர் என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. என் தமிழ் எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மரபணுவின் எழுத்துகள் மாறுவதால்தான் புற்றுநோய் வருகிறது என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது வேறொன்றும் தெரிய வந்திருக்கிறது. எழுத்து ஒன்றுகூட மாறாமல், அதன்மேல் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டாலே போதும், புற்றைத் தடுக்க வேண்டிய மரபணு வாயடைத்துப் போகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு எழுத்துகள் எல்லாம் ஒன்று. அவர்களில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் இருந்தால், வித்தியாசம் அந்த ஒட்டுகளில் இருக்குமோ என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அப்படி ஒரு ஜோடி இருப்பதாகக் கோவை மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தார்.

என்னை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நானும் இரட்டைதான். என்னோடு பிறந்த சாந்தி நாக்கில் வந்த புற்றால் செத்துப்போனாள். வெற்றிலை, புகையிலை எதையும் தொடாதவள். அவளுடைய திசு எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. என் கன்னத்தின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டித் தரும்படி எங்கள் பேராசிரியர், ஒரு சீன அம்மையார், பல தடவை கேட்டுவிட்டார். அடுத்த வாரம் என்பேன். அந்த வாரம் மட்டும் வரவே வராது. ஊரார் கன்னத்தையெல்லாம் சுரண்டுகிறவளுக்குத் தன் கன்னம் என்றால் பயம். ஆனாலும் எங்கே போனாலும் பெட்டியில் ஒரு குழாயைக் கூடுதலாகவே வைத்துக்கொள்வேன்.

விடுதி அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. போனதும் முதல் வேலையாகத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். சாந்தி போனதிலிருந்து எந்த ஊர் அறையிலும் இதுதான் வழக்கம். தண்ணீர் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணாடி ஒடஞ்சிருக்குதுங்களா?" என்றார்.

"இல்லைங்க. துண்டு காயணும்" என்றேன். காய்ந்த துண்டுதான். அவர் தொட்டுப் பார்க்காமல் போனது மரியாதை.

அவர் வைத்துவிட்டுப் போன சிறுவாணித் தண்ணீர் நிஜமாகவே இனித்தது. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டு ஒரு சொம்பு முழுவதையும் குடித்தேன். சாயங்காலம் பெட்டியை அறையில் விட மனமில்லாமல் எடுத்துக்கொண்டு போய், பக்கத்து மெஸ்ஸில் தோசைக்கு உட்கார்ந்தபோது எதிரே இரண்டு மலையாளத்துப் பெண்கள் இருந்தார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் மலையாளிகள் உண்டு, எனக்குக் கேட்டால் புரியும். "பாவம், கூட ஒருத்தரும் இல்லை. இந்த வயதில் தனியாக வந்து சாப்பிடுகிறாள்" என்றாள் ஒருத்தி. "பெட்டியைப் பார், விற்க வந்தவளாக இருக்கும்" என்றாள் மற்றவள். நான் தோசையைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். அவர்கள் இருவரும் ஒரே தட்டிலிருந்து வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மருத்துவமனை. மருத்துவர் இளைஞர், வேகமாகப் பேசினார். அக்கா பாவாயம்மாள், தங்கை தெய்வாத்தாள். ஒரே நாளில் பிறந்து, அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டுக்கு வாழப்போனவர்கள். அக்காவின் கணவர் இப்போது இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கிணறு, புகையிலை போட்டதும் ஒரே வெற்றிலைப் பையிலிருந்து. அக்காவுக்கு மட்டும் கன்னத்தில் வந்திருக்கிறது. "கரண்டு வெச்சு ஊட்டுக்கு அனுப்பிட்டோம். இனி செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லைங்க" என்றார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு இங்கே கரண்டு வைப்பது என்றுதான் பெயர். "அவங்க திசு நம்ம ஃப்ரீசர்ல இருக்கு. தங்கச்சிகிட்ட நீங்க போய் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு மட்டும் கவனமுங்க. பெரியம்மாவுக்கு வாய்ப்புண்ணுன்னுதான் சொல்லியிருக்கு. அந்த நோய் பேர அங்க வாயில எடுத்துறாதீங்க."

எங்கள் ஊரிலும் முதலில் அப்படித்தான் சொன்னோம். சாந்திக்கு ஆங்கிலம் தெரிந்ததால் எங்கள் பொய் ஒரு வாரம்கூட ஓடவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புற்று பரவிச் சாந்தியின் தாடையில் ஒரு பக்கத்தை எடுத்த பிறகு அவள் என்னைப் பார்க்க மறுத்துவிட்டாள். வாராவாரம் பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போவேன். அம்மா வெளியே வந்து, "தூங்குறா" என்பாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை கதவைத் தட்டி, "சாந்தி, நான்தான்" என்றேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. இருவருக்கும் ஒரே முகம், எனக்கு மட்டும் அது முழுசாக இருக்கிறது, அவளால் அதைப் பார்க்க முடியவில்லை, என்னை வெறுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கடைசிவரை கதவு திறக்கவில்லை. கூடப் பிறந்தவள் வெறுத்துப் போனால் வேறு யாரிடம் போய் உட்காருவது?

வெள்ளிக்கிழமை கோபிக்குப் பஸ். மருத்துவர் ஏதோ ஆலையிலிருந்து டிரை ஐஸ் வரவழைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். அது உருகித் தண்ணீராகாது, புகையாகவே போய்விடும். பஸ்ஸில் இருந்த யாருக்கும் இது தெரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நம்பியூர் தாண்டியதும், "ஏனுங்க, பொட்டி பொகயுதுங்க!" என்று ஒரு குரல். கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெட்டியின் இடுக்கில் ஊற்றிவிட்டார். டிரை ஐஸில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பஸ் முழுவதும் அன்று தெரிந்துகொண்டது. வெள்ளை மேகம் பொங்கி ஜன்னல்கள் வழியாக வெளியே போனது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள், டிரைவர் உட்பட.

வாழைத்தோப்பு ஓரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, நான் பெட்டியைத் திறந்து காட்டி விளக்கினேன். "ஐஸு பொகயுமுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "பொகயற ஐஸுன்னு முன்னாடியே சொல்லியிருக்கோணுமல்லங்க" என்றார் கண்டக்டர். அவருக்கு வந்தது கடுங்கோபம். ஆனால் அவர் திட்டி முடித்தபோது எனக்கு ஏதோ உபசாரம் செய்ததுபோல இருந்தது. பெட்டியை வெளியே ஏணியில் கட்டுவதா உள்ளே வைப்பதா என்று பஞ்சாயத்து நடந்து முடிய வெகுநேரம் ஆயிற்று.

அதனால் நான் அந்த வீட்டு வாசலை மிதித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

வயலும் தென்னையும் சூழ்ந்த வீடு. தெய்வாத்தாளின் கணவர் கந்தசாமி வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்கம்மணி" என்று அழைத்துப்போனார். தெய்வாத்தாள் குள்ளமான, சுறுசுறுப்பான பெண். ஐம்பதைத் தாண்டியவர். காப்பி கொடுத்தார், விசிறியைப் பக்கத்தில் வைத்தார், என் தமிழைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் குழாயையும் குச்சியையும் எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க" என்றார் கந்தசாமி தயங்கி. "இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க. வெளக்கு வெச்சதுக்கப்பறம் ஊட்டுல இருந்து உப்புகூட வெளிய குடுக்க மாட்டமுங்க. இது ரத்தமும் எச்சலுமுங்க. இருந்துட்டு வெடியால வாங்கிக்கிட்டுப் போங்க."

டிரை ஐஸ் அதுவரை தாங்குமா என்று கணக்குப் போட்டேன். அவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? சரி என்றேன். தெய்வாத்தாளுக்கு அவ்வளவு சந்தோஷம். அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். வீட்டில் நான் தனியாக ஒரு முட்டையைப் பொரித்துத் தின்கிறவள். எனக்கு ஒருவர் பரிமாறி வெகுகாலமாயிற்று.

சாப்பிட்ட பிறகு கந்தசாமி கேட்டார், நான் என்னதான் தேடுகிறேன் என்று. வரும் வழியில் பார்த்த வாய்க்கால் நினைவுக்கு வந்தது. "உங்க வாய்க்கால்ல தண்ணி ஓடுது. ஆனா வயலுக்குப் போற மடையில மண்ணை வச்சு அடைச்சிட்டா?" என்றேன்.

"பயிரு காஞ்சு போயிருமுங்க."

"வாய்க்காலுக்கு ஒரு குறையும் இல்லை, மடை மட்டும் அடைச்சிருக்கு. உடம்புக்குள்ளயும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் வாய்க்கால் ஒண்ணுதான். எந்த மடை யாருக்கு அடைச்சிருக்குன்னு பார்க்கிறோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அடச்ச மடையத் தொறக்கவும் முடியுமுங்களா?"

"முடியும்னு நம்பித்தான் மருந்து தேடிக்கிட்டு இருக்காங்க. இன்னும் கைக்கு வரலைங்க."

தெய்வாத்தாள் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "எனக்கும் வருமுங்களா?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, என்னைத் தவிர. "தெரியலைங்க. வரும்னு யாரும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவங்களுக்கு வந்ததனால உங்களுக்கும் வந்தே தீரும்னு மட்டும் இல்லை. புகையிலையை விட்டுருங்க, அது மடையை அடைக்கிற வேலைதான் செய்யுது."

"உட்டுப்போட்டேனுங்க. அவ உட்ட அன்னிக்கே நானும் உட்டுப்போட்டேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவ தோட்டத்துச் சாளைக்குப் போயிட்டாளுங்க. ஊட்டுக்கு வரமாட்டேங்கறா. நான் கூழு கொண்டுபோனா முக்காடு போட்டுக்கிட்டுச் செவுத்தப் பாத்து உக்காந்துக்குவா. ஒரே பையில ரெண்டு பேரும் வெத்தல போட்டோம், அவளுக்கு வந்துருச்சு, எனக்கு வரல. அந்தக் கோவமுங்க. நான் வாசப்படியிலயே வெச்சுப்போட்டு வந்துருவேன்."

கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் தெய்வாத்தாள் குளித்துவிட்டு வந்து வாயைத் திறந்து காட்டினார். கன்னத்தின் உள்பக்கத்தை மெல்லச் சுரண்டிக் குழாயில் போட்டேன், கையில் ரத்தம் எடுத்தேன். டிரை ஐஸ் பாதியாகியிருந்தாலும் போதும் போல இருந்தது. தேங்காய்ப்பாலும் சந்தகையும் கொடுத்தார். எங்கள் இடியாப்பத்தின் சொந்தக்காரி, இன்னும் மெதுவானவள். பிறகு கூழ் நிரப்பிய தூக்குப் போசியை என்னிடம் நீட்டினார். "நீங்க கொண்டுபோய்க் குடுங்க அம்மணி. ஒறம்பரைகிட்ட அவ பேசுவா." ஒறம்பரை என்றால் விருந்தாளியாம். தெய்வாத்தாளும் கூடவே வந்து, சாளை என்ற அந்தத் தோட்டத்துக் குடிசைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே பாவாயம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலடி ஓசை வேறாக இருந்ததால் திரும்பினார். முக்காடு விலகியது. நேற்று முழுவதும் நான் பார்த்த அதே முகம், அதே நெற்றி, அதே கண்கள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் வீங்கிக் கறுத்து உடைந்திருந்தது. நான் வெளிநாட்டு ஆள், ஆராய்ச்சிக்காக வந்தவள் என்று சொல்லிவிட்டு, மருத்துவர் சொன்னது நினைவு வந்து, "வாய்ப்புண்ணைப் பத்தி" என்று சேர்த்துக்கொண்டேன்.

"வாய்ப்புண்ணுக்கு ஆருங்க கரண்டு வெக்கறாங்க?" என்றார் பாவாயம்மாள். பேச்சு குழறினாலும் கேலி தெளிவாக இருந்தது. "என்ன சீக்குன்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு அவிக தெம்பா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"தங்கச்சி மேல கோபமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லைதான்.

"கோவமா?" ஒரு கணம் என்னையே பார்த்தார். "எங்கள ஊருக்குள்ளயே பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க. என்ற மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தன்ற மூஞ்சியப் பாக்கறாப்பலயல்லங்க இருக்கும்? தனக்கும் இப்படித்தான் ஆகப்போகுதுன்னு தெனமும் என்னயப் பாத்துப் பாத்துச் சாவோணுமா அவ? அதுக்குத்தான் செவுத்தப் பாத்து உக்காந்துக்கறது."

கூழ்ப் போசி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஈப்போ வீட்டுக் கதவும், உள்ளே பாடிய ரேடியோவும், விழுந்த தாழ்ப்பாளும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

"என்னாச்சுங்க அம்மணி?"

"எனக்கும் கூடப் பிறந்தவ ஒருத்தி இருந்தா. இரட்டைதான். இதே நோய். கடைசி வரைக்கும் என்னை உள்ள விடலை."

பாவாயம்மாள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவளுக்கு உங்க மேல அவ்வளவு உசுருங்க" என்றார்.

அழுதேன். வேலையாக வந்த இடத்தில், நோயாளியின் எதிரே உட்கார்ந்து அழுதேன். அவர் பிடித்த கையை விடவில்லை. பிறகு அவருக்கும் மடைக் கதையைச் சொன்னேன். ஒரே வாய்க்கால், வேறு வேறு மடைகள். அவருடைய முகம் தங்கைக்கு ஜோசியம் அல்ல என்று சொன்னேன்.

"அத அவகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"நேத்து ராத்திரியே சொன்னேன். என்னை மாதிரி பயந்து ஓடலை. கேட்டுக்கிட்டாங்க. இப்பவும் வெளியதான் நிக்கறாங்க."

பாவாயம்மாள் முக்காட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "தெய்வா! அங்கியே நின்னுக்கிட்டு என்ன பண்றே? உள்ள வா."

தெய்வாத்தாள் வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். "சோறே உங்கறதில்லையா நீ? இப்படி எளச்சுப் போயிட்டே" என்று அதட்டிக்கொண்டே உட்கார்ந்து கரண்டியை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை.

கிளம்பும்போது ஒரு தார் கதலிப் பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன். நேற்றைய கண்டக்டரே இன்றும் வாய்த்தார். பெட்டியைப் பார்த்து, "இன்னிக்கும் பொகயுமுங்களா?" என்றார். கொஞ்சமாக என்றேன். பழத்தில் இரண்டைக் கொடுத்ததும் பெட்டிக்குத் தன் பக்கத்திலேயே இடம் போட்டார். கோயம்புத்தூரில் மருத்துவமனைக்குப் போய்ப் பாவாயம்மாளின் திசுவையும் வாங்கித் தங்கையின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

விடுதி அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன். கண்ணாடியின் மேல் துண்டு அப்படியே தொங்கியது. கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றேன். பிறகு எடுத்தேன்.

சாந்தி இருந்தாள். கொஞ்சம் நரைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். அவள் உயிரோடு இருந்து எட்டாத வயது. தாடை முழுசாக இருந்தது. இத்தனை நாள் நான் பயந்த வெறுப்பு அந்த முகத்தில் எங்கும் இல்லை. வாயைத் திறந்தேன். தெய்வாத்தாளுக்குச் செய்ததுபோலவே கன்னத்தின் உள்பக்கத்தை மெல்லச் சுரண்டிக் கூடுதல் குழாயில் போட்டு, வசந்தி என்று என் பெயரை ஒட்டி, அக்கா தங்கை இருவருக்கும் பக்கத்தில் வைத்து மூடினேன்.

துண்டை உலர்த்த அந்த அறையில் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.